‘கல்யாணம் ஆயிடுச்சாம்மா?’: வேலை கேட்டு வந்த பெண்களை கேட்டிலேயே திருப்பி அனுப்பலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

செங்கல்பட்டு, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் வேலை தேடுகிறவர்களின் போனில் இந்த மாதிரி வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். செல்போன் கம்பெனிக்குப் பெண்கள் தேவை. பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ படித்திருந்தால் போதும். ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு, கம்பெனி பஸ் உண்டு. கீழே ஒரு போன் நம்பர்.

சில மெசேஜ்களில் இன்னொரு வரியும் இருக்கும். ‘திருமணம் ஆகாதவர்கள் மட்டும்.’

இந்த ஒரு வரிதான் 2024-ல் சர்வதேசச் செய்தி ஆனது. மத்திய அரசு விளக்கம் கேட்டது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆனால், இந்த வரி சட்டப்படி சரியா, தவறா என்ற கேள்விக்கு இன்றும் பலருக்கு விடை தெரியாது. இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வது என்பதும் தெரியாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கேட்டில் என்ன நடந்தது?

2023 மார்ச். இருபதுகளில் இருக்கும் இரண்டு சகோதரிகள். வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருக்கும் ஃபாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலைக்குக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். ‘கல்யாணம் ஆனவங்களை எடுக்க மாட்டாங்க’ என்று ஆட்டோக்காரரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் முயற்சி செய்து பார்ப்போம் என்று போனார்கள்.

மெயின் கேட்டில் நின்ற செக்யூரிட்டி கேட்டது ஒரே கேள்விதான்: கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன படித்திருக்கிறார்கள், ஷிஃப்ட் பார்க்க முடியுமா, நின்றபடி எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியுமா என்பதையெல்லாம் கேட்பதற்கு இன்டர்வியூ அறை வரைக்கும் அவர்கள் போகவே இல்லை.

இந்தச் சம்பவத்தை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூன் 25-ம் தேதி வெளியிட்ட விசாரணைச் செய்தியில் விவரித்தது. பணியாளர்களை எடுத்துத் தரும் ஏஜென்சிகளில் வேலை பார்த்தவர்கள், ஃபாக்ஸ்கானின் மனிதவளப் பிரிவில் முன்பு இருந்தவர்கள் எனப் பலரிடம் பேசிய அந்தச் செய்தி, இது இரண்டு பேருக்கு மட்டும் நடந்தது அல்ல என்றது. ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களை முறையாகவே தவிர்த்தார்கள் என்பது செய்தியின் சாரம். உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் ஆள் போதாதபோது மட்டும் இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதாகவும் அது சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி விஷயம். திருமணமான பெண்ணால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது உண்மையானால், சீசன் நேரத்தில் மட்டும் எப்படி முடிகிறது?

கம்பெனி என்ன சொன்னது?

திருமண நிலை, பாலினம், மதம் என எதன் அடிப்படையிலும் பாகுபாடு காட்டுவதில்லை என்று ஃபாக்ஸ்கான் குற்றச்சாட்டை உறுதியாக மறுத்தது. 2022-ல் ஆள் எடுக்கும் முறையில் சில குறைகள் இருந்ததை ஃபாக்ஸ்கான், ஆப்பிள் இரண்டுமே ஒப்புக்கொண்டன. அவற்றைச் சரிசெய்ய நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்றும் சொல்லின. 2023, 2024-லும் அது தொடர்ந்தது என்பதுதான் ராய்ட்டர்ஸின் வாதம்.

செய்தி வந்த மறுநாளே மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஜூலை தொடக்கத்தில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாக முன்வந்து விசாரணையைக் கையில் எடுத்தது.

அரசுக்கு ஃபாக்ஸ்கான் அளித்த விளக்கத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள். இரண்டு, ஆலையில் சுமார் 70 சதவீதம் பெண்கள், 30 சதவீதம் ஆண்கள். மூன்று, உலோகம் எதையும் அணிந்து உள்ளே வரக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அது ஆண், பெண், மதம் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் பொருந்தும்.

மூன்றாவது விளக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. தாலி, மெட்டி போன்ற நகைகள் உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதும் திருமணமான பெண்களைத் தவிர்ப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. உலோகத்தைக் கழற்ற வேண்டும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் நியாயமான விதியாகவே இருக்கலாம். ஆனால், ‘மெட்டியைக் கழற்றிட்டு உள்ளே வாங்க’ என்று சொல்வதும் ‘மெட்டி போட்டவங்க வராதீங்க’ என்று சொல்வதும் ஒன்றா? முதலாவது பாதுகாப்பு விதி. இரண்டாவது ஆளையே ஒதுக்குவது.

25 சதவீதமா, 8 சதவீதமா?

இந்த விவகாரத்தில் பலரைக் குழப்பிய எண்கள் இவை. 2024 ஜூலையில் ஆலைக்குப் போய்ப் பார்த்த தொழிலாளர் துறை அதிகாரிகளின் அறிக்கைப்படி, அங்கே மொத்தம் 41,281 பேர் வேலை செய்தார்கள். அதில் பெண்கள் 33,360 பேர். அவர்களில் திருமணமானவர்கள் 2,750 பேர். அதாவது சுமார் 8 சதவீதம்.

கம்பெனி சொன்ன 25 சதவீதம் எங்கே, இந்த 8 சதவீதம் எங்கே? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. 25 சதவீதம் என்பது புதிதாக எடுத்தவர்களில் எத்தனை பேர் என்ற கணக்கு. 8 சதவீதம் என்பது ஏற்கெனவே உள்ளே இருக்கும் எல்லாப் பெண்களையும் சேர்த்த கணக்கு. சமீபத்தில்தான் எடுக்கத் தொடங்கியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். ஆனால், அப்படியென்றால் அதற்கு முன்பு எடுக்கப்பட்டவர்களில் திருமணமானவர்கள் மிகக் குறைவு என்றும் அர்த்தமாகிறது. எண்களைப் பார்க்கும்போது ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று கேட்பது முக்கியம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதிகாரிகள் ஆலைக்குள் வேலை செய்யும் திருமணமான பெண்கள் சிலரிடம் பேசினார்கள். சம்பளத்திலோ பதவி உயர்விலோ பாகுபாடு இல்லை என்று அவர்கள் சொன்னதாக அறிக்கை சொன்னது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், கேள்வி அதுவல்லவே. உள்ளே வந்தவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது வேறு. யாரை உள்ளே விடவில்லை என்பது வேறு. கேட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டவரின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருக்காது. உள்ளே போய்த் தேடினால் அவர் எப்படிக் கிடைப்பார்?

மனித உரிமைகள் ஆணையமும் கிட்டத்தட்ட இதையேதான் சுட்டிக்காட்டியது. அதிகாரிகள் ஆள் எடுப்பு ஆவணங்களைப் பார்க்கவில்லை, மையமான பிரச்சினையைத் தொடவில்லை என்று சொல்லி, மறுபடியும் விசாரிக்கும்படி உத்தரவிட்டது 2025 ஜனவரியில் செய்தியாக வெளிவந்தது.

இதற்கிடையே, 2024 நவம்பரில் ராய்ட்டர்ஸ் இன்னொரு செய்தி வெளியிட்டது. தனக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிகளின் விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டாம் என்று ஃபாக்ஸ்கான் அறிவுறுத்தியிருந்தது. விளம்பரத்திலிருந்து அந்த வரி போய்விட்டது. கேட்டில் கேட்கும் கேள்வியும் போய்விட்டதா என்பது விளம்பரத்தைப் பார்த்தால் தெரியாது.

ஏன் இந்தக் கேள்வி கேட்கிறாங்க?

காரணம் வெறும் பழைய மனப்பான்மை மட்டும் அல்ல. இந்தப் பகுதித் தொழிற்சாலைகள் இயங்கும் விதத்திலேயே அது ஒளிந்திருக்கிறது.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தமிழகத்தில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்குத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு ஹாஸ்டல், அங்கிருந்து ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ், ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி ஹாஸ்டல். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் நூற்றுக்கணக்கான பெண்கள் பாதிக்கப்பட்டு, தோழிகள் ஹைவேயில் உட்கார்ந்து மறியல் செய்தது நினைவிருக்கும். அதன் பிறகு தங்குமிடத்தின் தரம் பேசுபொருளானது நல்ல விஷயம்.

ஆனால், ஹாஸ்டல் கட்டிலை மையமாக வைத்து ஆள் எடுத்தால், அந்தக் கட்டிலுக்குப் பொருந்துகிறவர் யார்? திருமணம் ஆகாத, குழந்தை இல்லாத, இருபது வயதுப் பெண். கணவரும் குழந்தையும் இருக்கும் பெண்ணுக்குத் தேவை கட்டில் அல்ல. வீட்டுப் பக்கம் வரும் பஸ்ஸும், குழந்தையை விட ஒரு காப்பகமும்தான்.

அடுத்த காரணம் பிரசவ விடுப்பு. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு கொடுக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ‘செலவு யார் தலையில்?’ என்பது நிர்வாகங்களின் கணக்கு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படும் தொழிலாளிக்கு அந்த 26 வாரப் பணத்தைக் கொடுப்பது இஎஸ்ஐ கழகம், கம்பெனி அல்ல. ஆலைகளின் உற்பத்திப் பிரிவில் சேரும் புதியவர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் வருகிறவர்கள்தான். ஆறு மாதம் மாற்று ஆள் வைக்கும் சிரமம் கம்பெனிக்கு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால், ‘சம்பளத்தை நாங்கதானே கொடுக்கணும்’ என்ற வாதம் அந்த இடத்தில் நிற்காது.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

‘சட்டத்துக்கு முன் எல்லோரும் சமம்’ என்ற அரசியலமைப்புப் பிரிவுகளை எல்லோரும் சொல்வார்கள். ஆனால், வேலைவாய்ப்பில் சமத்துவம் தரும் 16-வது பிரிவு அரசு வேலைக்கானது. கல்பாக்கத்தில் இருக்கும் மத்திய அரசு நிறுவனத்தை அது கட்டுப்படுத்தும். தனியார் ஆலையை நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

தனியாருக்குப் பொருந்தியது 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டம். பெயரில் ஊதியம் என்று இருந்தாலும், அதன் 5-வது பிரிவு ஆள் எடுப்பதைப் பற்றியது. ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. தமிழக அரசிடம் விளக்கம் கேட்டபோது மத்திய அரசு மேற்கோள் காட்டியதும் இந்தப் பிரிவைத்தான். 2025 நவம்பர் 21-ம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, அதன் இடத்தில் 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்தது. ஆள் எடுப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்பதை அதன் 3-வது பிரிவு சொல்கிறது.

சிக்கல் எங்கே? இரண்டு சட்டங்களும் ‘பாலினம்’ பற்றிப் பேசுகின்றன. ‘திருமண நிலை’ என்ற வார்த்தை அவற்றில் இல்லை. ‘நாங்க பெண்களைத்தானே எடுக்கிறோம், எங்கே பாகுபாடு?’ என்று ஒரு கம்பெனி கேட்க முடியும்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானது. திருமணமான ஆணிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்களா? அவரை கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்களா? திருமணமான ஆண் வரலாம், திருமணமான பெண் வரக் கூடாது என்றால், இருவருக்கும் இடையே இருக்கும் ஒரே வித்தியாசம் பாலினம்தானே?

கோர்ட் இதற்கு முன்பு என்ன சொல்லியிருக்கு?

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. நான்கு வழக்குகள் முக்கியம்.

சி.பி.முத்தம்மா (1979): சென்னையில் படித்து, 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். தேர்வு வாரியத்தின் தலைவரே வெளியுறவுப் பணி வேண்டாம் என்று தன்னிடம் பேசிப் பார்த்ததாகவும், கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்ததாகவும் அவர் மனுவில் சொன்னார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனு முடித்துவைக்கப்பட்டது. ஆனால், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாக விமர்சித்தார். பாகுபாடு இருக்கும் பணி விதிகள் அனைத்தையும் சரிசெய்யும்படி அரசிடம் சொன்னார்.

நர்கேஷ் மீர்சா (1981): ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு. முதல் கர்ப்பத்திலேயே வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது. சட்டம் எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் முன்னேறுவதில்லை என்பதற்கு இது உதாரணம்.

நீரா மாத்தூர் (1991): எல்ஐசி வேலையில் சேரும்போது நிரப்ப வேண்டிய படிவத்தில் மாதவிடாய், கர்ப்பம் பற்றியெல்லாம் கேள்விகள். தவறான தகவல் கொடுத்தார் என்று அவரை நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்க உத்தரவிட்டதோடு, அந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து நீக்கச் சொன்னது.

செலினா ஜான் (2024): கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-ல் ராணுவ நர்சிங் பணியிலிருந்து நீக்கப்பட்டவர். அந்த விதி தன்னிச்சையானது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வர முப்பத்தாறு ஆண்டுகள் ஆகின.

நான்கிலும் எதிர்த்தரப்பு அரசு அல்லது அரசு நிறுவனம். தனியார் ஆலையின் கேட்டில் நடப்பது பற்றி இவ்வளவு தெளிவான தீர்ப்பு இல்லை என்பதுதான் இன்றைய இடைவெளி.

இன்டர்வியூல கேட்டா என்ன பண்றது?

ஆலை மட்டுமல்ல, ஓஎம்ஆரில் ஐடி கம்பெனியாக இருந்தாலும், மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் ஃப்ரன்ட் ஆபீஸ் வேலையாக இருந்தாலும் இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் வரலாம். ‘வீட்ல ஒத்துக்குவாங்களா?’, ‘அடுத்து குழந்தை பிளான் ஏதாவது?’, ‘நைட் ஷிஃப்ட்டுக்கு ஹஸ்பண்ட் என்ன சொல்வார்?’

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் பார்க்க முடியுமா, வாரம் எத்தனை நாள் வர முடியும், எங்கிருந்து வருகிறீர்கள் என்பதெல்லாம் வேலையைப் பற்றிய கேள்விகள். கேட்கலாம், ஆனால் ஆண், பெண் எல்லோரிடமும் கேட்க வேண்டும். கணவர், குழந்தை, கர்ப்பம் என்பது வேலையைப் பற்றிய கேள்வி அல்ல.

* பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். ‘ஷிஃப்ட்டுக்கு நேரத்துக்கு வர முடியுமான்னுதானே சார் கேக்குறீங்க? வந்துடுவேன்’ என்று சொல்லலாம். சண்டை போட வேண்டியதில்லை.

* பொய் சொல்லாதீர்கள். திருமணத்தை மறைத்து வேலையில் சேர்ந்தால், பின்னால் ‘தவறான தகவல் கொடுத்தார்’ என்ற காரணம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். நீரா மாத்தூருக்கு நீதி கிடைத்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

* ஆதாரத்தைச் சேமியுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் சாட் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், எந்த கேட், யார் சொன்னார், என்ன சொன்னார் என்பதை அன்றே போனில் குறித்துவையுங்கள். நிராகரித்தால் காரணத்தை மெயிலிலோ மெசேஜிலோ கேளுங்கள்.

* ஏஜென்சி பெயரையும் குறியுங்கள். ‘அது ஏஜென்சி போட்ட விளம்பரம்’ என்று கம்பெனியும், ‘கம்பெனி கேட்டதைத்தான் போட்டோம்’ என்று ஏஜென்சியும் கை காட்டுவது வழக்கம். இரண்டு பெயரும் புகாரில் இருக்கட்டும்.

* எங்கே புகார் செய்வது? மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம், மாநில மகளிர் ஆணையம், தேசிய மனித உரிமைகள் ஆணையம். ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 எண்ணிலும் அழைக்கலாம்.

சுவரில் எழுதிய விதி

செங்கல்பட்டிலிருந்து அதிக தூரமில்லை உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஆயிரத்து நூறு ஆண்டுகளாக இருக்கிறது. ஊர் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியானவர் யார் என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வயது 35-லிருந்து 70. சொந்த மனையில் வீடு. கால் வேலிக்கு மேல் நிலம். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை.

அந்த விதிகள் எல்லோருக்கும் நியாயமானவை அல்ல. நிலம் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. ஆனால், அவை ஊரே பார்க்கும் சுவரில் இருந்தன. யாரை ஒதுக்குகிறார்கள் என்பதைப் படிக்கலாம், தவறு என்று சொல்லலாம்.

விளம்பரத்திலிருந்து ‘திருமணம் ஆகாதவர்கள் மட்டும்’ என்ற வரியை எடுத்தது ஒரு மாற்றம்தான். அது எழுத்தில் இருந்தவரை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடிந்தது. செக்யூரிட்டியின் வாயில் மட்டும் இருக்கும் விதியை யாராலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. அந்த இரண்டு சகோதரிகளும் நடந்ததை வெளியே சொன்னதால்தான் இவ்வளவும் தெரிய வந்தது. அதிகாரிகள் அடுத்த முறை விசாரிக்கும்போது உள்ளே இருப்பவர்களோடு சேர்த்து, கேட்டிலிருந்து திரும்பிப் போனவர்களையும் கேட்க வேண்டும். அதற்கு, திரும்பிப் போனவர்கள் நடந்ததைக் குறித்துவைத்திருக்க வேண்டும்.